தூளி வேறு, தோள்கட்டு வேறு: பச்சைக் குழந்தைக்கு ஸ்லிங் தேர்ந்தெடுப்பது எப்படி?

பெட்டியின் அடிப்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: குறைந்தபட்ச எடை 3.5 கிலோ. நான் அதைப் படித்தபோது மகள் பிறந்து ஆறு நாள் ஆகியிருந்தது. அவள் எடை 2 கிலோ 700. ஆன்லைனில் ஆசையாக வாங்கிய, பட்டைகளைக் கொக்கியில் மாட்டிச் சுமக்கும் பக்கிள் கேரியரை, கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இழுத்து இழுத்துப் பார்த்தேன். எவ்வளவு இறுக்கினாலும், சாக்குக்குள் ஒற்றைத் தேங்காயைப் போட்டது மாதிரிதான் பிள்ளை அதற்குள் கிடந்தாள்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்திருந்த அம்மிச்சிக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "ஏனம்மிணி, கொழந்தைய இப்படி மூட்டையாட்டக் கட்டறே? ஒரு பழைய சேலை போதாதா?" என்றார். சொன்னதோடு நிற்காமல் தன் பருத்திச் சேலையை எடுத்துத் தோளில் முடிச்சுப் போட்டு, தூளி மாதிரியே ஒரு தொங்கல் விட்டு, பிள்ளையை அதில் படுக்க வைத்துக் காட்டினார்.

துணி நல்லது என்ற அளவில் அம்மிச்சி சொன்னது சரி. கட்டிய விதம்தான் தவறு. அந்த விதம் ஏன் தவறு என்று புரிந்துவிட்டால், குழந்தையை உடம்போடு கட்டிச் சுமக்கும் ஸ்லிங்குகளில் எதை வாங்குவது என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தாடையும் மூச்சும்

பச்சைக் குழந்தைக்குக் கழுத்து நிற்காது. தலை கனம், மூச்சுக்குழாய் மெல்லியது, வளையக்கூடியது. வளைந்த துணிக்குள் படுக்க வைத்தால் முதுகு வில்லாக வளையும், தலை முன்னால் சாயும், தாடை நெஞ்சில் முட்டும். அப்போது மூச்சுப்பாதை குறுகிவிடும். பெரியவர்களானால் தலையை நிமிர்த்திக்கொள்வோம். பிறந்து இரண்டு வாரமான குழந்தையால் அது முடியாது. அழக்கூட முடியாது என்பதுதான் இதில் பயங்கரம். பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சத்தமே கேட்காது. இன்னொரு ஆபத்து, முகம் துணியிலோ அம்மாவின் மார்பிலோ அழுந்தி மூக்கும் வாயும் மூடிக்கொள்வது.

அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் ஸ்லிங் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. முந்தைய 20 ஆண்டுகளில் ஸ்லிங்கோடு தொடர்புடைய குறைந்தது 14 மரணங்கள் அதன் கணக்கில் வந்திருந்தன. அவற்றில் 12 குழந்தைகள் நான்கு மாதம்கூட நிரம்பாதவர்கள். அந்த மாதமே பை வடிவ ஸ்லிங்குகள் பத்து லட்சத்துக்கும் மேல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அடியில் ஆழமாகத் தொங்கும் பை, அதற்குள் சுருண்டு படுத்த குழந்தை: அம்மிச்சி கட்டியதும் அச்சு அசல் அதே வடிவம்தான்.

ஆக, முதல் சல்லடை இது. படுக்க வைக்கிற மாதிரி தைத்த ஸ்லிங், அடியில் மெத்தை வைத்த பை மாதிரியானது, 'தொட்டில் நிலை' என்று படம் போட்டு விற்பது, எதுவும் வேண்டாம். குழந்தை நிமிர்ந்த நிலையில், வயிறு நம் நெஞ்சோடு ஒட்டி இருக்க வேண்டும். தூளியில் போட்டு ஆட்டுவதையே பச்சைக் குழந்தைக்கு மருத்துவர்கள் அவ்வளவாக விரும்புவதில்லை. தூங்க வைக்கத் தட்டையான, கெட்டியான படுக்கையைத்தான் சொல்கிறார்கள். அதைத் தோளிலும் தொங்கவிட்டால் கேட்கவே வேண்டாம்.

முதல் படி: தராசு

கடைக்குப் போகுமுன் குழந்தையின் இன்றைய எடை தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டு அளவில் வரும் கேரியர்களில் பெரும்பாலானவை 3.2 முதல் 3.6 கிலோவில் தொடங்குகின்றன. நம் பக்கத்தில் நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தையே 2.6, 2.8 என்று இருப்பது சாதாரணம். பெட்டியில் 'பிறந்த நாள் முதல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் எடை வரியைத் தேடிப் படியுங்கள். அந்த எடை வரும்வரை கைதான் ஸ்லிங்.

2.5 கிலோவுக்குக் குறைவாகவோ, மாதம் குறைந்தோ பிறந்த குழந்தை என்றால் கடை ஸ்லிங் பற்றியே யோசிக்க வேண்டாம். அவர்களுக்கு உரியது கங்காரு பராமரிப்பு. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல், இன்குபேட்டர் பற்றாத மருத்துவமனை ஒன்றில் தொடங்கிய முறை அது. டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்ட குழந்தையை அம்மாவின் வெறும் நெஞ்சில் நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டுவார்கள். நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இப்படி வைத்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. எப்படிக் கட்டுவது என்பதை மருத்துவமனை நர்ஸிடமே கற்றுக்கொள்ளுங்கள். வீடியோ பார்த்து வேண்டாம்.

மூக்கடைப்பு, சளி, மூச்சுவிடுவதில் சிரமம், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது: இவை இருக்கும்போது நிறைமாதக் குழந்தையானாலும் மருத்துவரைக் கேட்காமல் கட்டக்கூடாது.

இரண்டாம் படி: அம்மாவின் உடம்பு

இதை யாரும் கேட்பதில்லை. குழந்தைக்கு வாங்குவதாக நினைக்கிறோம், சுமப்பது பச்சை உடம்பு. ஆபரேஷன் ஆகியிருந்தால் இடுப்பில் பட்டை போட்டு இறுக்கும் பக்கிள் கேரியர் நேராகத் தையல்மேல் உட்காரும். வயிற்றுக்கட்டு கட்டும் வழக்கமுள்ள வீடானால் அதன்மேல் இன்னொரு பட்டை. வேண்டாம். தோளிலும் நெஞ்சிலும் மட்டும் நிற்கும், வளையம் வைத்த ரிங் ஸ்லிங்கோ, நீளத் துணியைச் சுற்றி உயரக் கட்டும் ரேப்போ தையலைத் தொடாது. எப்போது தொடங்கலாம் என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

தோள்வலி, கழுத்துப் பிடிப்பு ஏற்கெனவே இருப்பவர்களுக்கு ஒற்றைத் தோளில் நிற்கும் ரிங் ஸ்லிங் அரை மணிக்கு மேல் கஷ்டம். இரண்டு தோளிலும் பாரம் பிரியும் ரேப் அவர்களுக்கு நல்லது. வீட்டில் இன்னொருவரும் கட்டப்போகிறார் என்றால் அவர் உடம்புக்கும் பொருந்துகிறதா பாருங்கள். என் வீட்டுக்காரர் என்னைவிட ஒன்றரை மடங்கு அகலம். எனக்குச் சரியாக இருந்த துணி அவருக்குத் தொங்கும் முனை மிஞ்சாமல் நின்றது.

மூன்றாம் படி: எந்த வகை

இழுவை ரேப். பனியன் துணி போல் இழுபடும், ஏறக்குறைய ஐந்து மீட்டர் நீளம். சின்னக் குழந்தையை அப்படியே அணைத்துக்கொள்ளும், முன்கூட்டியே கட்டி வைத்துக்கொண்டு குழந்தையை உள்ளே இறக்கலாம், கற்றுக்கொள்வது சுலபம். ஆனால் குழந்தையின்மேல் மூன்று அடுக்குத் துணி வரும். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் மூன்று அடுக்கு பனியன் துணி என்றால் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து வெந்துபோவார்கள். மலைப்பக்கம், நெல்லியாம்பதி மாதிரி இடத்தில் இருப்பவர்களுக்குச் சரி. கணவாய்க் காற்று சுழன்றடிக்கும் ஆடி மாதத்தில் நமக்கும் சரி. முதுகில் கட்ட இதை எந்த வயதிலும் பயன்படுத்தக்கூடாது.

நெசவு ரேப். இழுபடாத நெய்த துணி, நான்கரை மீட்டர் அளவில். பல விதமாகக் கட்டலாம், பல வருடம் உழைக்கும். கற்றுக்கொள்ளத்தான் பொறுமை வேண்டும்.

ரிங் ஸ்லிங். இரண்டு மீட்டர் துணி, ஒரு முனையில் இரண்டு வளையம். பெரும்பாலும் ஒரே அடுக்கு. பசித்த பிள்ளையை நொடியில் இறக்கலாம், பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஏற்றலாம். வெயிலுக்கும், 2.8 கிலோவுக்கும், பச்சை உடம்புக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். இதிலும் தயாரிப்பாளர் போட்டிருக்கும் எடை வரியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

வளையம் இல்லாத பவுச் ஸ்லிங் ஒரே அளவில் தைத்து வரும், இறுக்கித் தளர்த்த வழி கிடையாது. பிரசவத்துக்குப் பின் வாரத்துக்கு ஒரு சுற்றளவாக உடம்பு மாறும்போது அது எப்படிப் பொருந்தும்? விடுங்கள். பக்கிள் கேரியர், கழுத்து நின்று, எடை கூடி, நான்கைந்து மாதம் ஆனபின் அருமையான பொருள். அதற்கு முன்னால், பச்சைக் குழந்தைக்கென்றே இருக்கையைச் சுருக்கும் வசதி இருந்தால் மட்டும். குழந்தையை வெளியே பார்க்க வைத்துக் காலைத் தொங்கவிடும் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

நான்காம் படி: துணி

நம்மைச் சுற்றி நல்ல நெசவு உண்டு. இந்தப் பக்கம் குத்தாம்புள்ளி கைத்தறி, அந்தப் பக்கம் நெகமம் பருத்திச் சேலை. ஆனால் நல்ல நெசவெல்லாம் ஸ்லிங்குக்கு ஆகாது. கடையில் துணியை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடியுங்கள். அங்கங்கே நூல் விலகி ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் வந்தால் வேண்டாம். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்தால் அசையக்கூடாது. மூலைக்கு மூலை குறுக்காக இழுத்தால் கொஞ்சம் கொடுக்க வேண்டும். அந்தக் கொடுப்புதான் குழந்தையின் முதுகுக்கு ஏற்பத் துணி வளைய உதவும். மெத்தை விரிப்பு போலத் தடித்தால் வளையத்தில் ஓடாது. மல் துணி போல மெலிந்தால் தோளில் கயிறாகச் சுருண்டு வெட்டும்.

கசவு பார்க்க லட்சணம்தான். ஆனால் துணியின் ஓரம் குழந்தையின் பிடரியிலும் முழங்காலுக்குப் பின்னாலும்தான் வந்து உட்காரும். ஜரிகை உரசி அந்த இடம் சிவந்துவிடும். கசவுக் கரையை வெட்டி எடுத்துவிட்டு ஓரம் மடித்துத் தைக்கலாம். வேட்டி அகலம் எப்படியும் நாலடி இருக்கும், ஸ்லிங்குக்கு 65 முதல் 75 சென்டிமீட்டர் போதும். வெட்டக் கணக்கு சரியாகவே வரும்.

பாட்டி கட்டிய பழைய சேலை மென்மைக்குப் பேர் போனது. ஆனால் வருடக் கணக்கில் துவைத்த நூல் எங்கே இற்றிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தொட்டிலில் விரிக்க, துடைக்க, போர்த்த அதைவிட நல்ல துணி இல்லை. எடை தாங்க அதை நம்பாதீர்கள்.

வீட்டில் தைப்பவர்கள் ஸ்லிங்குக்கென்றே செய்த, மூட்டு இல்லாத அலுமினிய அல்லது நைலான் வளையம் வாங்குங்கள். உள்விட்டம் மூன்று அங்குலம், மெல்லிய துணிக்கு இரண்டரை. கைவினைக் கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் பற்றவைத்த வளையம் வேண்டாம், திடீரென்று விட்டுவிடும். தையல் மூன்று வரிசை, பாலியெஸ்டர் நூலில். தோள் பக்கத்துச் சுருக்கு வைக்கத் தெரியாதவர்கள் தைத்ததையே வாங்கிவிடுவது மேல்.

வாங்கியதும் இரண்டு முறை துவையுங்கள், கஞ்சி போய்விடும். கடைசித் தண்ணீரில் வெள்ளைக் கைக்குட்டையை முக்கிப் பாருங்கள். சாயம் ஏறினால் திருப்பிக் கொடுங்கள், பிள்ளை அந்தத் துணியைத்தான் நாளெல்லாம் சப்பப்போகிறது.

ஐந்தாம் படி: மூன்று கிலோ மட்டை அரிசி

குழந்தையை வைத்துப் பழகக் கூடாது. பழைய தலையணை உறையில் மூன்று கிலோ மட்டை அரிசியைப் போட்டு வாயைக் கட்டி, அதை வைத்து இரண்டு நாள் பழகுங்கள். என் மாமியார் சிரித்தார், பிறகு அவரே வாங்கிக் கட்டிப் பார்த்தார். அரிசி மூட்டைக்கு முதுகெலும்பு இல்லாததால் தளர்ச்சியை உடனே காட்டிக்கொடுக்கும். கொஞ்சம் தொய்ந்தாலும் அடியில் இறங்கிவிடும். முதல் பத்து தடவை கட்டிலுக்கு மேல் குனிந்து நின்று செய்யுங்கள்.

ரிங் ஸ்லிங்கைக் கட்டும் முறை:

துணியின் மறுமுனையைக் கொசுவி இரண்டு வளையத்துக்குள்ளும் கீழிருந்து மேலே விட்டு, மேல் வளையத்தைத் தாண்டி, கீழ் வளையத்துக்குள் திருப்பி எடுங்கள். பெல்ட் மாட்டுவது மாதிரிதான். முறுக்கு இருக்கக்கூடாது.

தலைவழியாக மாட்டுங்கள். வளையம் முதலில் தோள்மேல் உயரத்தில் இருக்கட்டும், இறுக்கும்போது தானே காறை எலும்புக்குக் கீழே இறங்கி வரும். முதுகில் துணியை அகலமாக விரித்துவிடுங்கள். தோளின் உருண்டையை அது மூட வேண்டும். கழுத்தோரம் ஏறி நின்றால் கால் மணியில் வலி கண்டிப்பாக வரும்.

வளையம் இல்லாத தோளில், ஏப்பம் எடுக்க வைப்பதுபோல் குழந்தையை வையுங்கள். துணிக்குக் கீழிருந்து இன்னொரு கையை விட்டுப் பாதங்களைப் பிடித்துக் கீழே இறக்குங்கள். துணியின் கீழோரத்தை உங்களுக்கும் குழந்தைக்கும் நடுவில் செருகி, ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை இழுத்துவிடுங்கள். மேலோரம் பிடரி வரை, அதற்கு மேல் ஏறி முகத்தை மூடக்கூடாது.

இப்போது இறுக்குவது. வளையத்துக்குக் கீழே தொங்கும் வாலை மொத்தமாகப் பிடித்து இழுத்தால் எதுவும் நடக்காது. மேலோரத்து நூலை இழுத்தால் பிடரி இறுகும், கீழோரத்தை இழுத்தால் முழங்கால் இறுகும், பிறகு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு கை எப்போதும் குழந்தையின் அடியில் தாங்கலாக இருக்கட்டும்.

கால்கள் தவளை மாதிரி மடங்கி, முழங்கால் புட்டத்தைவிட உயரமாக நிற்க வேண்டும். ஆங்கில எழுத்து எம் போல என்பார்கள். பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டுக் கிண்ணம் இன்னும் குருத்தெலும்புதான். காலை நேராக நீட்டி இறுகச் சுற்றினால் மூட்டு விலகும் அபாயம் கூடும் என்பதால், சர்வதேச இடுப்பு மூட்டுப் பிறழ்ச்சி நிறுவனம் இந்தத் தவளை நிலையைத்தான் பரிந்துரைக்கிறது. தலைகீழாக இல்லாமல் புட்டம் முன்னால் வந்து பிறந்த குழந்தை, பெண் குழந்தை, குடும்பத்தில் யாருக்காவது இந்தக் குறை இருந்த குழந்தை என்றால் கூடுதல் கவனம். ஆனால் காலைப் பிடித்து அகட்டவும் வேண்டாம், தானாக எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு. பாதங்கள் வெளியே, மேலே பாரம் விழாமல்.

அரைஞாணில் கோர்த்த தாயத்தோ வெள்ளி மணியோ இருந்தால், இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டும் சடங்கான இருபத்தெட்டு கெட்டு முடிந்த கையோடு அதை முதுகுப்பக்கம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துணி இறுகும்போது அது தோலில் பதிந்திருந்ததை நான் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன்.

கட்டியபின் ஐந்து பார்வை

பிரிட்டனில் ஸ்லிங் தயாரிப்பாளர்கள் சேர்ந்து உருவாக்கிய ஐந்து அம்ச விதி உலகம் முழுக்கப் புழங்குகிறது. இறுக்கமாக இருக்கிறதா? முகம் எந்நேரமும் கண்ணில் படுகிறதா? குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் தலை இருக்கிறதா? தாடை நெஞ்சில் முட்டாமல், அடியில் குறைந்தது ஒரு விரல் அகல இடைவெளி இருக்கிறதா? முதுகு தாங்கலாக இருக்கிறதா? கடைசியைச் சோதிக்க, குழந்தையின் முதுகில் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்துங்கள். குழந்தை உங்கள் பக்கம் நகர்ந்தால் இன்னும் இறுக்க வேண்டும்.

இதில் ஒன்று தவறினாலும் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். பிள்ளை தூங்கிவிட்டதே, எழுந்துவிடுமே என்று பார்க்காதீர்கள். அந்தச் சோம்பல் எனக்கும் வந்தது.

பால் கொடுக்க ஸ்லிங்கைத் தளர்த்திக் கீழே இறக்கலாம். குடித்து முடித்ததும் அப்படியே விட்டுவிடாமல், ஏப்பம் எடுத்து, பழைய உயரத்துக்கு ஏற்றி இறுக்கிவிட வேண்டும். பச்சைக் குழந்தை பால் குடித்த மயக்கத்தில் தாடை சாய்ந்து தூங்குவது அப்போதுதான்.

வெயிலும் எண்ணெயும்

ஸ்லிங்கை ஒரு சட்டையாகக் கணக்கில் வையுங்கள். உள்ளே டயப்பரும் மெல்லிய ஜப்லாவும் போதும். கையுறை, காலுறை, கம்பளித் தொப்பி எல்லாம் நம் சித்திரை மாதத்துக்கு ஆகாது. இருவர் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு பருத்தித் துண்டு வைத்தால் வேர்வையை உறிஞ்சும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பிடரியைத் தொட்டுப் பாருங்கள்: சூடாக, ஈரமாக, சிவந்து இருந்தால் இறக்கி, ஜப்லாவைக் கழற்றி, பால் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு முன் தண்ணீர் கூடாது. பதினொன்றிலிருந்து மூன்றரை வரை வெளியே கிளம்பாமல் இருப்பதே நல்லது. தலையில் முந்தானையை இழுத்து மூடி வெயிலை மறைக்கிற வழக்கம் நமக்கு உண்டு. ஸ்லிங்கில் அதைச் செய்யாதீர்கள், காற்று நின்றுவிடும். குடை பிடியுங்கள்.

தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த உருக்கு வெளிச்செண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய கையோடு கட்டவும் வேண்டாம். உடம்பு வழுக்கும், துணியும் பிசுக்காகி வளையத்தில் ஓடிவிடும்.

கட்டிக்கொண்டு செய்யக்கூடாதவை

அடுப்படி, கொதிக்கிற எண்ணெய், அரிவாள்மணை பக்கம் போகக்கூடாது. கட்டியபடியே கட்டிலில் சாய்ந்து தூங்கிவிடக்கூடாது. கண் சொக்குகிறது என்றால் குழந்தையை இறக்கி மல்லாக்கப் படுக்க வையுங்கள். எதையாவது எடுக்க இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கி உட்காருங்கள்.

இருசக்கர வண்டியில் ஸ்லிங்கோடு ஏறுபவர்களை இந்த எல்லைச் சாலையில் தினமும் பார்க்கிறேன். 2022இல் வந்த மத்திய அரசு விதி, நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டையும், ஒன்பது மாதம் முதல் தலைக்கவசமும் கட்டாயம், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது. ஸ்லிங் அந்தப் பட்டை அல்ல. ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தையை வண்டியில் ஏற்றவே வேண்டாம். காரிலும் ஸ்லிங் குழந்தை இருக்கைக்கு மாற்று ஆகாது. பொள்ளாச்சி பஸ்ஸில் போனால் கட்டியிருந்தாலும் உட்கார்ந்தே போங்கள், ஒரு கையால் பிள்ளையின் தலையைத் தாங்கி; நின்றுகொண்டு போக நேர்ந்தால் அடுத்த பஸ்ஸுக்கு விடுங்கள்.

எவ்வளவு நேரம்?

முதல் வாரம் பத்துப் பதினைந்து நிமிடம், அதுவும் வீட்டுக்குள். பிறகு இருவருக்கும் பழகப் பழகக் கூட்டலாம். எனக்குப் பெரும் உதவியாக இருந்தது சாயந்தரம்தான். ஐந்தரை மணிக்குத் தொடங்கி விளக்கு வைத்த பின்னும் ஓயாத அழுகை. 1986இல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், நாளுக்குக் கூடுதலாகச் சுமக்கப்பட்ட ஆறு வாரக் குழந்தைகள் மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன. உங்கள் பிள்ளை அந்தக் கணக்கில் அடங்குமோ அடங்காதோ, முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை. சில குழந்தைகளுக்குக் கட்டுவதே பிடிக்காது. திமிறி அழுதால் இறக்கிவிட்டு, பசியாறி ஈரம் மாற்றியபின் மறுநாள் பாருங்கள்.

வாரம் ஒரு முறை தையலையும் வளையத்தையும் பகல் வெளிச்சத்தில் சோதியுங்கள். மழைக்காலத்தில் துணி உள்ளே காயாமல் புழுங்கல் வாடை வரும். இரண்டாவது ஸ்லிங் ஒன்று இருந்தால் நிம்மதி. அந்த பக்கிள் கேரியரை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. பீரோவுக்கு மேல் வைத்திருந்து, மகளுக்குக் கழுத்து நன்றாக நின்று எடை ஆறு கிலோ தாண்டிய பிறகு எடுத்தேன். பட்டையை அம்மிச்சிதான் முதுகுப்பக்கம் மாட்டிவிட்டார்.